தசை சுருங்க சக்தி வேண்டும், சரி. தளரவும் வேண்டுமா?

மஞ்சூர்_சரிவு எழுதியது:

வணக்கம். தங்கச்சி பதினொன்றாம் வகுப்பு, விலங்கியல் பாடம் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். நான் படித்தது காமர்ஸ். அவள் ட்யூஷன் நோட்ஸில் தசை எப்படிச் சுருங்குகிறது என்று இரண்டு பக்கத்துக்கு இருக்கிறது, நரம்பு, கால்சியம், ஆக்டின், மயோசின் எல்லாம் வருகிறது. தளர்வதற்கு மட்டும் "கால்சியம் திரும்பச் செல்கிறது, தசை தளர்கிறது" என்று ஒரே வரி. அவள் கேட்கிறாள்: "அண்ணா, சுருங்க ஏடிபி செலவாகுது, தளர ஒண்ணும் செலவாகாதா? சும்மா விட்டா போதுமா?" ஏடிபி என்றால் செல்லுக்குச் சக்தி தரும் மூலக்கூறு என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும், என்னிடம் பதில் இல்லை.

அதே கேள்வியில் எங்கள் வீட்டு விஷயமும் ஒன்று இருக்கிறது. எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை உண்டு, அம்மாதான் கத்தரி போட்டுக் கொழுந்து வெட்டுவார். டிசம்பர், ஜனவரியில் புல் எல்லாம் வெள்ளையாக உறைபனி விழுந்திருக்கும் காலையில், முதல் ஒரு மணி நேரம் அவருக்கு விரல் சட்டென்று திறக்காது. கத்தரியை மூடுவது சுலபமாக வருகிறது, பிடியை விடுவதுதான் தாமதம். "கை மூடிக்குது, திறக்க மாட்டேங்குது" என்பார். வெயில் சரிவுக்கு வந்த பிறகு சரியாகிவிடும். பக்கத்து வீட்டில் ரத்தம் உறைகிறது என்கிறார்கள், வாதம் என்றும் சொல்கிறார்கள். தங்கச்சியின் கேள்வியும் இதுவும் ஒன்றுதானா?

இன்னொன்று. அப்பா இலை மூட்டையோடு ரோட்டுக்கு ஏறுவதில் மூச்சு வாங்குமே தவிர கால் வலிக்காது. காய்ச்சல் வந்து ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி ஓடைப் பக்கத் தோட்டத்துக்கு இறங்கிப் போனார், மறுநாள் தொடை அப்படி வலி. ஏறுவதுதானே கஷ்டம், இறங்கினதற்கு ஏன் வலிக்க வேண்டும்?

விலங்கியல்_குன்னூர் எழுதியது:

தம்பி, உங்கள் தங்கை கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. நேராகச் சொல்கிறேன்: தளரவும் ஏடிபி வேண்டும். அதுவும் இரண்டு தனித்தனி இடத்தில் வேண்டும். சும்மா விட்டால் தசை தளராது, பிடித்தது பிடித்தபடி நிற்கும்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு தசை செல், அதாவது தசை நார், நெடுக நுண்ணிழைகளால் நிரம்பியது, ஒவ்வொரு நுண்ணிழையும் சார்கோமியர் என்ற துண்டுகள் வரிசையாகச் சேர்ந்தது. ஒரு சார்கோமியர் ஓய்வில் 2 முதல் 2.5 மைக்ரோமீட்டர் நீளம்தான். அதன் நடுவில் தடித்த மயோசின் இழைகள், இரண்டு ஓரங்களிலிருந்தும் உள்ளே நீளும் மெல்லிய ஆக்டின் இழைகள், இரண்டு சீப்பை எதிரெதிராகச் செருகியது போல. தசை சுருங்கும்போது இந்த இழைகள் எதுவும் குட்டையாவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று இன்னும் ஆழமாகச் சறுக்கிப் போகின்றன, அவ்வளவுதான். இதை 1954இல் நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்கள் தனித்தனியாகச் சொன்னார்கள்: ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இன்னொரு பக்கம். இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு கிடையாது, பிள்ளைகள் பரீட்சையில் இரண்டு பேரையும் ஒருவராக்கிவிடுகிறார்கள்.

இழுப்பது யார்? மயோசின் தலை. ஒரு தடித்த இழையில் ஏறக்குறைய 300 மயோசின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலை. ஒரு தலை ஆக்டினைப் பிடித்து, மடங்கி, சில நானோமீட்டர் இழுத்து, விட்டு, மறுபடி நிமிர்ந்து, அடுத்த இடத்தில் பிடிக்கும். ஏடிபி எந்த நொடியில் தேவை என்பதை உங்கள் தங்கை கவனமாகப் பார்க்கட்டும், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். இழுக்கும் கணத்தில் ஏடிபி வந்து ஒட்டுவதில்லை. இழுத்து முடித்த தலை ஆக்டினோடு இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, புதிதாக ஒரு ஏடிபி வந்து அந்தத் தலையில் ஒட்டினால்தான் பிடி விடுகிறது. விட்ட பிறகு அந்த ஏடிபி உடைகிறது, உடைந்த சக்தியில் தலை நிமிர்கிறது, நிமிர்ந்த தலை மறுபடி ஆக்டினைப் பிடித்து, உடைந்த பாஸ்பேட்டை வெளியே தள்ளும்போது இழுக்கிறது. ஆக, பிடியை விட ஏடிபி வேண்டும், இது முதல் இடம்.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் மரண விறைப்பு. உயிர் போன சில மணி நேரத்தில் உடம்பு விறைப்பது தசை வேலை செய்வதால் அல்ல. புது ஏடிபி உண்டாகாததால் பிடித்த தலைகளுக்கு விட வழி இல்லை. பிறகு விறைப்பு தளர்வது தசை ஓய்வெடுப்பதாலும் இல்லை, புரதங்களே சிதையத் தொடங்குவதால்.

இரண்டாவது இடம் கால்சியம். ஓய்வில் மயோசின் ஏன் ஆக்டினைப் பிடிப்பதில்லை? ஆக்டின் மேல் ட்ரோபோமயோசின் என்ற நீண்ட புரதம் படுத்திருக்கிறது, பிடிக்கும் இடங்களை அது மறைத்துவிடுகிறது. நரம்பு முனையில் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியாகி, தசை நாரின் உறையில் மின் தூண்டல் கிளம்பி, டி-குழல்கள் வழியாக நாரின் உள்ளே இறங்கியதும், நுண்ணிழைகளைச் சுற்றியுள்ள சார்கோபிளாஸ்மிக் வலைப்பின்னல் என்ற பை தன்னிடம் சேர்த்து வைத்த கால்சியத்தைத் திறந்து விடுகிறது. அந்தக் கால்சியம், ட்ரோபோமயோசினோடு சேர்ந்திருக்கும் ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்டினால் ட்ரோபோமயோசின் நகரும், இடம் திறக்கும், மயோசின் பிடிக்கும். நோட்ஸில் இது வரைக்கும் இருந்திருக்கும்.

அந்த "கால்சியம் திரும்பச் செல்கிறது" என்ற ஒரு வரிக்குள்தான் பெரிய வேலை ஒளிந்திருக்கிறது. கால்சியம் தானாகத் திரும்பாது. வலைப்பின்னலுக்குள்ளே ஏற்கெனவே அது மிக அடர்த்தியாக இருக்கிறது, வெளியே இருப்பதோ கொஞ்சம். குறைவான இடத்திலிருந்து நிறைந்த இடத்துக்கு ஏற்றித் தள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்வது செர்கா என்ற பம்ப், ஒரு ஏடிபிக்கு இரண்டு கால்சியம் அயனி என்ற கணக்கில். ஒரு தசை வேலை செய்யும்போது செலவாகும் ஏடிபியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த மாதிரி அயனிகளைத் திரும்பத் தள்ளுவதற்கே போகிறது. மயோசின் இழுப்பதற்கு மட்டும்தான் செலவு என்று நினைத்தால் இந்த மூன்றில் ஒரு பங்கு கணக்கிலேயே வராது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். கால்சியம் போய், தலைகள் விட்ட பிறகும் தசை தானாக முழு நீளத்துக்குத் திரும்புவதில்லை. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. டைட்டின் என்ற பெரிய புரதம் கொஞ்சம் மீட்டுக் கொடுக்கும், மீதிக்கு எதிர்த் தசை இழுக்க வேண்டும். விரலை மூடுவது முன்கையின் உள்பக்கத் தசை, திறப்பது பின்பக்கத் தசை. உள்பக்கம் விட்டு முடிக்கவில்லை என்றால் பின்பக்கம் எவ்வளவு இழுத்தாலும் திறப்பு தாமதமாகும். உங்கள் அம்மா சொல்லும் "மூடிக்குது, திறக்க மாட்டேங்குது" இந்த இடத்தில் பொருந்தலாம், ஆனால் அவர் கையைப் பற்றி வைத்தியம் தெரிந்தவர் சொல்லட்டும்.

திருப்பூர்_ட்ரெக்கர் எழுதியது:

இடையில் நுழைகிறேன், இறங்கும் வலி பற்றிய கேள்விக்காக. கோத்தகிரிப் பக்கம் நடைபயணம் வந்தால் எனக்கும் இதேதான், ஏறிய அன்று ஒன்றும் தெரியாது, இறங்கி இரண்டாம் நாள் படிக்கட்டில் உட்கார்ந்து இறங்க வேண்டியிருக்கிறது. ஜிம்மில் லாக்டிக் ஆசிட் சேர்ந்துவிட்டது, நிறையத் தண்ணீர் குடித்தால் கரையும் என்றார்கள். அது சரியா?

கோத்தகிரி_பிசியோ எழுதியது:

லாக்டிக் ஆசிட் கதையை முதலில் விட்டுவிடுங்கள், திருப்பூர் தம்பி. வேகமாக ஓடி முடித்தாலும் ரத்தத்தில் ஏறிய லாக்டேட் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும், இதயமும் மற்ற தசைகளும் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. இரண்டாம் நாள் வரும் வலிக்கு அது எப்படிக் காரணமாக முடியும்? தண்ணீர் குடியுங்கள், ஆனால் வலி கரையும் என்று எதிர்பார்த்துக் குடிக்க வேண்டாம்.

இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்க முயலும் அதே நேரத்தில் உடல் எடை அதை நீட்டுகிறது. மயோசின் தலை பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஆக்டின் எதிர்ப்பக்கமாக இழுபடுகிறது. இப்படி நீளும்போது ஒவ்வொரு நாரும் சுருங்கும்போது தருவதைவிட அதிக விசையைத் தாங்கும், அதனால் உடம்பு கொஞ்சம் நார்களை மட்டும் வேலைக்குக் கூப்பிட்டு சமாளிக்கிறது. மூச்சு வாங்காததற்குக் காரணம் அது, கூப்பிட்ட அந்தக் கொஞ்ச நார்கள் அடி வாங்குவதற்கும் காரணம் அதுவே. சில சார்கோமியர்கள் அளவுக்கு மேல் நீண்டு, இழைகள் ஒன்றை ஒன்று தொடாத நிலைக்குப் போய், அங்கே நுண்ணிய கிழிசலும் பின்னாலேயே வீக்கமும் வரும். வலி 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைகாட்டி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், தானாகக் குறையும்.

ஏறுவதைவிட இறங்குவது மலிவு என்பதை 1952இல் அபட், பிக்லண்ட், ரிட்சி என்ற மூன்று பேர் அழகாகக் காட்டினார்கள். இரண்டு சைக்கிளை முதுகோடு முதுகாக நிறுத்தி ஒரே செயினில் மாட்டி, ஒருவர் முன்பக்கமாக மிதிக்க, மற்றவர் பின்பக்கமாகச் சுழலும் பெடலைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் காலிலும் ஒரே விசை. தடுத்தவருக்கு மிக மிகக் குறைவான ஆக்சிஜனே போதுமாக இருந்தது. லண்டன் ராயல் சொசைட்டியில் செய்து காட்டியபோது சின்ன உருவமுள்ள பெண் தடுத்து உட்கார, மிதித்த ஆண்தான் களைத்துப்போனார்.

மஞ்சூர் தம்பி, உங்கள் அப்பா தினமும் இறங்கிக்கொண்டிருந்தவரைக்கும் வலி வராததற்கும் விளக்கம் உண்டு. ஒரு தடவை இந்த மாதிரி அடி வாங்கிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைத் தாங்கும்படி மாறிக்கொள்ளும். ஒரு மாதம் படுத்தால் அந்தப் பழக்கம் குறைந்துவிடும். திரும்பத் தோட்டத்துக்குப் போகும் முதல் வாரம் பாதி தூரம் இறங்கட்டும், பாரம் குறைவாக இருக்கட்டும். வலி இருக்கும்போது லேசாக நடப்பது நல்லது, படுத்தே கிடக்க வேண்டியதில்லை. ஆனால் சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தசை பெரிய அளவில் சிதைந்து கிட்னிக்குப் போகிறது என்று பொருள்.

இப்போது அம்மாவின் கை. குளிர்ந்த தசை மெதுவாகத் தளரும் என்பது உண்மை. சார் சொன்ன அந்தக் கால்சியம் பம்ப் ஒரு நொதி, மயோசினும் நொதிதான், சூடு குறைந்தால் இரண்டுமே மந்தமாகும். தசையின் சூடு 10 டிகிரி குறைந்தால் தளர எடுக்கும் நேரம் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகும். விரலை மூடும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன, அங்கிருந்து தசைநாண்கள்தான் விரலுக்கு வருகின்றன. கையுறை மட்டும் போட்டுக்கொண்டு முன்கையை ஈரச் சட்டையோடு விட்டால் பாதிதான் பலன். நான் பார்க்கும் தோட்டத்து அக்காக்களுக்கு எல்லாம் சொல்வது, பழைய சாக்ஸின் நுனியை வெட்டிவிட்டு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏற்றிக்கொள்ளுங்கள், கிளம்பும் முன் முழங்கை வரை வெந்நீரில் சில நிமிஷம் கையை வைத்துத் துடைத்துவிட்டுப் போங்கள் என்றுதான். பனி ஈரம் சட்டைக் கையை நனைக்காமல் மேலே பிளாஸ்டிக் உறை போட்டால் இன்னும் நல்லது.

ஆனால் ஒன்று. நல்ல உடம்பில் குளிரால் ஏற்படும் தாமதம் நொடிக்கும் குறைவு. கை "மந்தமாக இருக்கிறது" என்று தோன்றும், அவ்வளவுதான். மூடிய விரல் திறக்கப் பல நொடி ஆகிறது, மற்றக் கையால் பிரித்துவிட வேண்டியிருக்கிறது என்றால் குளிரின் மேல் மட்டும் பழி போட்டுவிட்டு இருக்கக்கூடாது. ஒரே விரல் மடங்கி 'டக்'கென்று விடுபட்டால் அது தசைநாண் மாட்டிக்கொள்ளும் பிரச்சினை, கத்தரி பிடிக்கிறவர்களுக்கு அடிக்கடி வரும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் இரவில் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு அழுத்தம். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இரண்டு கை மூட்டும் வீங்கி விறைத்திருந்தால் மூட்டுவாதமா என்று பார்க்க வேண்டும். இறுக்கிப் பிடித்துவிட்டு விட முடியாமல், நாலைந்து தடவை திறந்து மூடினால் இளகும் என்றால், அது பிறவியிலேயே வரும் சில தசை நோய்களிலும் காணும், வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேளுங்கள்.

இவற்றோடு தைராய்டையும் மறக்காதீர்கள். தைராய்டு குறைந்தால் தசையில் அந்தக் கால்சியம் பம்பும் குறைகிறது. அதனால்தான் பழைய டாக்டர்கள் நோயாளியை முட்டி போடச் சொல்லி குதிகால் தசைநாணில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். பாதம் துள்ளுவது வழக்கம்போல இருக்கும், திரும்பி வருவது மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி மெதுவாக இருக்கும். அம்மாவுக்கு எடை கூடுவது, மலச்சிக்கல், மற்றவர்களைவிட அதிகமாகக் குளிர்வது இதெல்லாம் இருக்கிறதா?

மஞ்சூர்_சரிவு எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, கேட்டேன். மரத்துப்போவது இல்லை, 'டக்' சத்தமும் இல்லை, வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது. பல நொடி எல்லாம் ஆகவில்லை, ஆனால் மற்ற பெண்களைவிடத் தனக்கு அதிகமாகக் குளிர்கிறது என்று அம்மாவே சொல்கிறார், போன வருஷத்து ஸ்வெட்டர் இந்த வருஷம் இறுக்கமாக இருக்கிறது. தைராய்டுக்கு ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டுமா? காலையில் முதல் பஸ் பிடித்தால்தான் ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போக முடியும், அதனால் கேட்கிறேன். அப்புறம் கெண்டைக்கால் பிடிப்புக்காக அவர் மெக்னீசியம் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார், கையும் அதனால் சரியாகும் என்று நம்புகிறார்.

கோத்தகிரி_பிசியோ எழுதியது:

தைராய்டைப் பார்க்கும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு அவசியமில்லை, சாப்பிட்டுவிட்டே கூட்டிப் போங்கள். சர்க்கரையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால் மட்டும் சாப்பாடு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், சர்க்கரை இருந்தாலும் கைவிரல் இறுகும்.

மெக்னீசியம் கைக்கு உதவாது. வயதானவர்களின் சாதாரண கெண்டைக்கால் பிடிப்புக்கே அது பெரிதாகப் பலன் தருவதில்லை. பிடிப்பு வேறு விஷயம், அங்கே தசை தளர மறுப்பதில்லை, நரம்பு நிறுத்தாமல் தூண்டிக்கொண்டே இருக்கிறது. உட்கார்ந்து முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியைத் தன் பக்கமாக மெதுவாக இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், தசைநாணில் இழுப்பு ஏறியதும் அந்த நரம்புத் தூண்டல் அடங்கும்.

ஊட்டி_கறிக்கடை எழுதியது:

சார், நீங்கள் மரண விறைப்பு பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். மார்க்கெட்டில் எங்கள் கடை அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. ஆட்டை வெட்டிய உடனே எலும்பிலிருந்து கறியை எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தால் மறுநாள் ரப்பர் மாதிரி இருக்கும், எவ்வளவு விசில் வைத்தாலும் வேகாது என்று வாடிக்கையாளர் திட்டுவார்கள். அதே ஆட்டை முழுசாகத் தொங்கவிட்டு, விறைத்த பிறகு குளிரில் வைத்தால் மெத்தென்று இருக்கும். டிசம்பர் ராத்திரியில் வெளியே தொங்கவிட்டாலும் ஐஸ் பெட்டி மாதிரிதான் ஆகிவிடுகிறது. இதுவும் நீங்கள் சொல்லும் கால்சியம்தானா?

விலங்கியல்_குன்னூர் எழுதியது:

பாய், அதே கால்சியம்தான், அதே வலைப்பின்னல்தான். வெட்டியவுடன் கறியில் இன்னும் ஏடிபி மிச்சம் இருக்கிறது. அந்த நேரத்தில் சூடு 10 டிகிரிக்குக் கீழே போனால் வலைப்பின்னலால் கால்சியத்தை உள்ளே வைத்துக்கொள்ள முடியாது, கசிந்துவிடும். பம்பும் குளிரில் மந்தம், திரும்பத் தள்ள முடியாது. ஏடிபி இருக்கிறது, கால்சியமும் வந்துவிட்டது, மயோசின் இழுக்கத் தொடங்கும், சார்கோமியர்கள் குறுகும். குறுகிய நிலையிலேயே ஏடிபி தீர்ந்தால் அப்படியே பூட்டிக்கொள்ளும். நீங்கள் ரப்பர் என்று சொல்வது அந்தப் பூட்டிய தசை. எலும்பிலிருந்து பிரித்த கறி அதிகமாகக் குறுகும், ஏனென்றால் இழுத்துப் பிடிக்க எலும்பு இல்லை. ஆடு சின்ன உடம்பு, சீக்கிரம் உள்ளே வரை குளிர்ந்துவிடும், மாட்டைவிட ஆட்டுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

உடனே ஃப்ரீசரில் உறைய வைத்து அப்புறம் உருக்கினால் இன்னும் மோசம். உருகும்போது கால்சியம் மொத்தமாகக் கொட்டி, கறி கண்ணுக்கு முன்னாலேயே சுருங்கி, சாறு எல்லாம் வெளியே வந்துவிடும். அதனால் விறைப்பு முடியும் வரை 15 டிகிரி பக்கத்தில், சுத்தமான, காற்றோட்டமுள்ள மூடிய இடத்தில் எலும்போடு தொங்கவிட்டு, பிறகு குளிருக்கு மாற்றுங்கள். பெரிய ஆடு மாடு வெட்டும் தொழிற்சாலைகளில் வெட்டியவுடன் உடம்பில் மின்சாரம் பாய்ச்சுவார்கள், தசை திரும்பத் திரும்பத் துடித்து ஏடிபியைச் சீக்கிரம் தீர்த்துவிடும், விறைப்பு முன்னதாகவே வந்துவிடும், அப்புறம் குளிரில் வைத்தாலும் குறுக அதற்குச் சக்தி இருக்காது.

மஞ்சூர் தம்பி, இதை உங்கள் தங்கையிடமும் சொல்லுங்கள். 1951இல் கேம்பிரிட்ஜில் மார்ஷ் என்பவர் அரைத்த தசையின் சாற்றில் தசையைத் தளர வைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அது ஒரு கரைசல் பொருள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பத்து வருஷம் கழித்து டோக்கியோவில் எபாஷியும் ஜெர்மனியில் ஹாசல்பாக்கும் மகினோசேயும் அது கரைசலே இல்லை, கால்சியத்தை ஏடிபி செலவழித்து உறிஞ்சும் வலைப்பின்னலின் உடைந்த துண்டுகள் என்று காட்டினார்கள். அந்த மார்ஷ் பிறகு நியூசிலாந்துக்குப் போய், குளிரில் ஆட்டுக்கறி ஏன் கடினமாகிறது என்பதைத்தான் ஆராய்ந்தார்.